பரிணாமம் படிக்கப் போகிறாளாம், போகட்டுமே

பேசின் பிரிட்ஜ் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கொசுவைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மறுபக்கம் ரயில்வே யார்டு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாக வேண்டும். முதலில் வேப்பிலைப் புகை போட்டோம். பிறகு சுருள் வந்தது, அப்புறம் மேட், அதற்கப்புறம் பிளக்கில் சொருகுகிற திரவ மருந்து. இப்போது ஆளுக்கொரு மட்டையோடு உட்கார்ந்து டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் வந்த புதிதில் நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டு மூன்று வருஷம் போனதும், "முன்ன மாதிரி மருந்து இல்லீங்க, கலப்படம் பண்றானுங்க" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். மருந்து அதேதான், கொசுதான் மாறிவிட்டது என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

கொசு எப்படி மாறுகிறது என்று படிக்க ஒரு படிப்பு இருக்கிறது. பரிணாம உயிரியல் என்று பெயர். அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், நல்ல மார்க். நீட் எழுதினாள், அரசுக் கல்லூரிக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. இன்னொரு வருஷம் கோச்சிங் போகட்டும் என்கிறார் அப்பா. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்ப்பவர், பாவம், இரண்டு ஷிஃப்ட் உழைப்பு. பெண்ணோ ஐசர் நுழைவுத் தேர்விலும் தேறியிருக்கிறாள். அங்கே சேர்ந்து உயிரியல் படித்து, பரிணாமத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். அப்பா என்னிடம் வந்தார்.

"சார், நீங்க அந்தக் காலத்து பி.எஸ்சி. ஸுவாலஜி. நீங்களே சொல்லுங்க. குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னு நாம பத்தாவதுலயே படிச்சிட்டோமே. அதை அஞ்சு வருஷம் படிக்க என்ன சார் இருக்கு?"

அவரிடம் அரை மணி நேரம் பேசினேன். பேசியது போதவில்லை என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். நம் வாசகர்களில் பலர் தாத்தா பாட்டிகள். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி என்றைக்காவது வரலாம்.

முதலில் அந்தக் குரங்கை இறக்கி வைத்துவிடுவோம். இன்று திருத்தணி மலையில் தேங்காய் மூடி பிடுங்குகிற குரங்கிலிருந்து நாம் வரவில்லை. அதற்கும் நமக்கும் பல கோடி வருஷங்களுக்கு முன் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா மகனிலிருந்து நாம் பிறந்தோம் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் 2018 ஜனவரியில் மத்திய மனிதவள இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, எனவே டார்வின் கொள்கை தவறு என்ற பொருளில் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட வேண்டியிருந்தது. அமைச்சரே பங்காளிக்கும் பாட்டனுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசும்போது கிளியரிங் ஆபீஸ்காரரைக் குறை சொல்வானேன்.

இதில் நம் மொழிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 'பரிணாம வளர்ச்சி' என்றே எழுதிப் பழகிவிட்டோம். வளர்ச்சி என்றால் கீழே இருந்து மேலே போவது என்றுதானே அர்த்தம்? கட்சித் தலைவருக்கும், செல்போனுக்கும், சினிமா நடிகருக்கும் பரிணாம வளர்ச்சி இருக்கிறது. இயற்கையில் அப்படி ஏணி எதுவும் கிடையாது. குகைக்குள் போய்ப் பல தலைமுறை வாழ்ந்த மீனுக்குக் கண் போய்விடும்; அதுவும் பரிணாமம்தான். இலங்கைத் தமிழர்கள் பாடப் புத்தகத்தில் இதைக் 'கூர்ப்பு' என்கிறார்கள். கேட்க வித்தியாசமாக இருந்தாலும் எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். வளர்ச்சி என்ற வால் அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மச்சம், கூர்மம், வராகம், அப்புறம் நரசிம்மம், தசாவதாரமே பரிணாமம்தான், டார்வின் நம்மிடம் இருந்து எடுத்தார் என்பார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், இல்லை, தொல்காப்பியத்தில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை சொல்லியிருக்கிறது, அதுதான் பரிணாமம் என்பார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டும் எனக்கு வாரம் தவறாமல் வருகிறது. தொல்காப்பியர் செய்தது உயிர்களை வகைப்படுத்தும் வேலை. அந்தக் காலத்தில் அப்படி யோசித்ததே பெரிய காரியம். ஆனால் ஒன்று இன்னொன்றாக மாறியது என்றோ, எப்படி மாறியது என்றோ அவர் சொல்ல வரவில்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் திணித்தால் அவருக்கும் பெருமை இல்லை.

சரி, நான் என்ன படித்தேன்? 1971-ல் வட சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தேன். பரிணாமம் கடைசி வருஷப் பாடம். ஆசிரியர் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். லாமார்க், ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து. டார்வின், கலாபகஸ் தீவுக் குருவிகள். டி விரிஸ், சடுதி மாற்றம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். பிறகு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்து விட்டில் பூச்சி. தொழிற்சாலைக் கரி படிந்து மரப்பட்டைகள் கறுத்துப்போக, வெளிர் நிறப் பூச்சிகள் பறவைகளின் கண்ணுக்குத் தெரிந்து இரையாகின, கறுப்புப் பூச்சிகள் தப்பின. 1848 வாக்கில் அபூர்வமாக இருந்த கறுப்பு, 1895-ல் அந்த ஊரில் 98 சதவீதம். பிற்பாடு காற்றைச் சுத்தம் செய்ய 1956-ல் சட்டம் வந்தது, வெளிர் பூச்சி மறுபடி பெருகியது.

இதை நான் மனப்பாடம் செய்தது எங்கே உட்கார்ந்து? பேசின் பிரிட்ஜில். நிலக்கரி எரித்து ஓடிய பழைய பவர் ஹவுஸ் ஒரு பக்கம், லோகோ ஷெட்டில் நீராவி இன்ஜின்கள் இன்னொரு பக்கம். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை எடுக்கும்போது சாம்பல் வேட்டியாக இருக்கும். மான்செஸ்டர் கரியைப் பற்றி எழுதி மார்க் வாங்கிய நாற்பது பையன்களில் ஒருவனையும், போய் உன் வீட்டுச் சுவரில் என்ன பூச்சி உட்கார்ந்திருக்கிறது, எத்தனை கறுப்பு, எத்தனை வெளுப்பு என்று எண்ணிக்கொண்டு வா என்று யாரும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஒன்றுமே தெரியாமலும் போயிருக்கலாம். ஆனால் எண்ணியிருப்போம்.

நான் 1976-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். விலங்கியல் அதோடு முடிந்தது என்று சொல்ல வேண்டும், ஆனால் முடியவில்லை. ஏனென்றால் அதே 1976 மலேரியா வருஷம்.

இந்தக் கணக்கை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும், 8 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பீடு. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு வீடு டி.டி.டி. அடித்தார்கள். நம்மில் பலருக்கு அந்த வாசனை ஞாபகம் இருக்கும், சுவரில் வெள்ளைத் தடம் கூட. 1965 வாக்கில் நோயாளிகள் வெறும் 1 லட்சம். மலேரியா ஒழிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1976-ல் எண்ணிக்கை 64 லட்சம்!

பணம் போதவில்லை, மருந்து சரியாக வந்து சேரவில்லை, மேற்பார்வை தளர்ந்தது, இதெல்லாம் காரணங்கள்தான். ஆனால் கொசுவும் கிருமியும் மாறியது பெரிய காரணம். டி.டி.டி. கொசுவின் நரம்பில் இருக்கும் ஒரு சின்னக் கதவைத் திறந்தபடியே மாட்டிவிடும். கொசு துடித்துச் சாகும். லட்சக்கணக்கான கொசுக்களில் ஏதோ ஒன்றிரண்டுக்கு அந்தக் கதவு பிறவியிலேயே சற்று வேறு மாதிரி இருக்கும். டி.டி.டி. அங்கே சரியாக ஒட்டாது. மருந்து வருவதற்கு முன் இதனால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. மருந்து அடித்த மறுநாள் மற்றதெல்லாம் செத்துக் கிடக்க, இது மட்டும் முட்டை போடுகிறது. ஒரு தலைமுறைக்குச் சில வாரம்தான். நாம் அடிக்க அடிக்க, நம் கையாலேயே அந்த வகையைப் பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறோம். கொசு யோசித்து, பழகி, எதிர்ப்பு சக்தி ஏற்றிக்கொள்ளவில்லை. இதுதான் டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு. கிருமி தன் பங்குக்கு 1973-லேயே அசாமில் குளோரோகுயினுக்கு டிமிக்கி கொடுக்க ஆரம்பித்திருந்தது.

சென்னையின் மலேரியாக் கொசு கால்வாயில் இருப்பதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால்வாய்ச் சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ், அது யானைக்காலுக்குக் காரணம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி சுத்தமான தண்ணீர் கேட்கும் ஜாதி. கிணறு, மொட்டை மாடித் தொட்டி, மூடாத டிரம். ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பயந்து தொட்டி கட்டக் கட்ட அதற்கு மாளிகை. அந்தக் கொசு 2012-ல் ஆப்பிரிக்காவில் ஜிபூட்டியில் முதன்முதலாகத் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியா. கிராமத்து மலேரியாவோடு மல்லாடும் அந்தக் கண்டத்துக்கு நகரத்து மலேரியாவும் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாம் ஐம்பது வருஷமாகப் பழகிய கொசுவைப் பற்றித் தெரிந்த ஆட்கள் இன்று அங்கே தேவைப்படுகிறார்கள். இது வேலை இல்லாத படிப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

காசநோய்க்கு வருவோம். நம் பகுதியில் டி.பி. வந்த குடும்பம் தெரியாதவர் யார்? 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாராய்ச்சி மையம் தொடங்கினார்கள். 1959-ல் அது வெளியிட்ட முடிவு உலகத்தையே திருப்பிப்போட்டது. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தாலும், வீட்டிலேயே வைத்து ஒழுங்காக மருந்து கொடுத்தாலும் குணமாவது ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டியது. நம் ஊரின் நெரிசலான, சத்துணவில்லாத வீடுகளில்தான் அதை நிரூபித்தார்கள். இது பலருக்கும் தெரிந்த பெருமை. அதிகம் பேசாத விஷயம், ஏன் ஒரு மருந்து போதாது, இரண்டு மூன்று சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்பது.

ஒரு மருந்துக்குச் சாகாத கிருமி பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலில் ஒரு புண்ணில் கோடிக்கணக்கில் கிருமிகள். ஒரே மருந்து கொடுத்தால் சில டஜன் கிருமிகளாவது தப்பி, காலி இடத்தில் பெருகும். இரண்டாவது மருந்துக்கும் அதே கணக்கு என்றால், இரண்டுக்கும் சேர்ந்து சாகாத கிருமி லட்சம் கோடியில் ஒன்று. ஒரு மனித உடம்பில் அது இருக்கிற வாய்ப்பு மிகக் குறைவு. அவ்வளவுதான் சூத்திரம். சாதாரணப் பெருக்கல். பாதியில் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு நர்ஸம்மா போடும் சத்தத்துக்குப் பின்னால் டார்வின் நிற்கிறார்.

இன்னும் கிட்டே வருகிறேன். 2010-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற மரபணுவைப் பற்றியது. சென்னையிலும் ஹரியானாவிலும் மற்ற ஊர்களிலும் நோயாளிகளிடம் அது இருப்பதைக் காட்டினார்கள். முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். அப்போது நாட்டில் எழுந்த கூச்சல் என்ன? அந்த மரபணுவின் பெயரில் டெல்லி இருக்கிறதே, மருத்துவச் சுற்றுலா கெட்டுவிடுமே என்பது. பெயர்ப் பிரச்சினையில் கிருமிப் பிரச்சினை அமுங்கிப்போனது. 2012-ல் மருத்துவர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டுக்கு ஒரு வழிகாட்டி கொண்டுவந்தார்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார். நாம் இன்னும் மெடிக்கல் ஷாப்பில், "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுப்பா" என்று சில்லறையை நீட்டுகிறோம்.

இவ்வளவும் நடப்பது நம் தெருவில். பரிணாமம் என்றால் டைனோசர் எலும்பு என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் எலும்பை விட்டுவிட்டுக் கொசுவையும் மாத்திரையையும் பேசினேன். எலும்புக்குப் பதில் கல் வேண்டுமென்றால் அதுவும் நம்மிடம் இருக்கிறது. எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றின் மேல்படுகையில் அதிரம்பாக்கம் என்று ஒரு ஊர். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே வருஷம் இங்கும் வந்து சேர்ந்தார். அங்கே பல வருஷம் அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், அடிமட்டத்துக் கைக்கோடாரிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழையவை என்று 2011-ல் காட்டினார்கள். நம் மனித இனம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு, வேறு ஏதோ ஒரு மனித இனம் நம் ஆற்றங்கரையில் கல் உடைத்துக்கொண்டிருந்தது! 2018-ல் அதே இடத்தின் மேலடுக்கில் நுட்பமான கருவிகளை 3,85,000 வருஷம் பழையவை என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். எண்ணூர் சாம்பல் கழிவுக்காகச் செய்தியில் வரும் ஆறு இது. இதற்காகவும் வரலாம்.

அதே எண்ணூர் கழிமுகத்தில் இப்போது 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி. கப்பலோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இறால் தேடும் சேற்றுத் தரையை மூடிப் படர்ந்துவிட்டது, வழக்கமான மஞ்சள் ஆழியைக் காணவில்லை. ஒரு புது இடத்தில் ஓர் உயிர் எப்படி இவ்வளவு வேகமாகக் கால் ஊன்றுகிறது, அடுத்து என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தப் பெண் படிக்க நினைக்கும் துறையில்தான் இருப்பார்கள்.

நம் நாட்டுக்கு இந்தத் துறை இரவல் சரக்கும் இல்லை. ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற மேதை, டார்வினையும் மெண்டலையும் கணக்கால் இணைத்த மூன்று நான்கு பேரில் ஒருவர், 1957-ல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து புள்ளியியல் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஜிப்பா போட்டார், சைவம் சாப்பிட்டார், இந்தியக் குடியுரிமை வாங்கினார், 1964-ல் புவனேஸ்வரில் இறந்தார். மலேரியா உள்ள ஊர்களில் சில ரத்தக் குறைபாடுகள் ஏன் அதிகம் என்று 1949-லேயே யோசித்தவர். ஒரு பங்கு குறைபாடு இருந்தால் மலேரியாவில் இருந்து பாதுகாப்பு என்பது அவர் ஊகம். 1952-ல் நம் நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் ரத்தம் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் ஆப்பிரிக்காவில் அலிசன் என்பவர், அந்த ரத்தம் மலேரியாவைத் தடுக்கிறது என்று காட்டினார். கூடலூர்ப் பக்கம் அந்த நோயோடு போராடும் குடும்பங்களுக்கு இது வெறும் கொள்கை இல்லை.

ஹால்டேன் இந்திய மாணவர்களுக்குச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று அழாதீர்கள், எண்ணுங்கள் என்றார். அவரோடு இருந்த டேவிஸ் என்பவர் தென்னை மரங்களை எண்ணினார். சில மரங்களில் மட்டை இடப்பக்கமாகச் சுற்றி வளர்கிறது, சிலவற்றில் வலப்பக்கமாக. நம் வாழ்நாளில் எத்தனை தென்னை பார்த்திருப்போம்! அண்ணாந்து பார்த்து எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறோமா?

இப்போது பாடப்புத்தகம். 2023-ல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' என்று சுருங்கியது. கொரோனா காலத்துப் பாரம் குறைப்பு என்று சொன்னார்கள். 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில். பன்னிரண்டில் உயிரியல் எடுக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? காமர்ஸ் போகிறவனுக்கும் காய்ச்சல் வரும், மாத்திரை வாங்குவான். நல்ல வேளையாகத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் பாடநூல்காரர்களுக்கு ஒரு சபாஷ்.

ஆனால் கல்லூரியில் கதை வேறு. நான் பார்த்த விலங்கியல் பாடத்திட்டங்களில் பரிணாமம் இன்னும் கடைசியில் வரும் ஒரு தாள்தான். பழைய மாணவர் என்ற உரிமையில் என் பேரன் வயதுப் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கி அப்படியே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. என் கட்சி இதுதான்: அது முதல் வருஷம் முதல் பாடமாக வர வேண்டும். அது தெரிந்தால் மற்ற தாள்கள் பிடிபடும், தெரியாவிட்டால் வெறும் பெயர்ப் பட்டியல். செய்முறை வகுப்பு வேண்டும். கால்வாய்க் கொசுப்புழுவை எடுத்து வந்து எந்த மருந்துக்கு எத்தனை சாகிறது என்று எண்ண என்ன செலவாகும்? நாலு கண்ணாடி டம்ளர், ஒரு டீ வடிகட்டி. நிலம், கட்டடம், கருவி என்று கேட்கிற நம் வட சென்னைக் கல்லூரிகளுக்கு உலகத்திலேயே சிறந்த பரிசோதனைக்கூடம் காம்பவுண்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். "எல்லாஞ் சரி சார், வேலை?"

மழுப்பாமல் சொன்னேன். டாக்டர் மாதிரி இருபத்தைந்து வயதில் போர்டு மாட்ட முடியாது. ஐந்து வருஷம் படிப்பு, அதற்கு மேல் ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சி. உதவித்தொகையில் தன் செலவை ஓட்டிக்கொள்ளலாம், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. முப்பது வயதில்தான் ஒரு நிலைக்கு வருவாள், எல்லோரும் வருவதும் இல்லை. இதை மறைத்துவிட்டுப் படிப்பின் பெருமையை மட்டும் பேசுவது நியாயம் இல்லை. ஆனால் கொரோனாவில் டெல்டா, ஒமிக்ரான் என்று தினமும் கேட்டோமே, எது எதற்குப் பிள்ளை, எது எங்கிருந்து கிளைத்தது என்று வைரஸின் வம்சாவளியை வரைந்தவர்கள் யார்? 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசே சென்னையில் தனியாக ஒரு மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறந்தது. அங்கே எந்திரம் வாங்கலாம், அது துப்புகிற எழுத்துகளைப் படித்து அர்த்தம் சொல்ல ஆள் வேண்டும். ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் நம் தமிழ்நாட்டுக்காரர் தங்கராஜ் இந்திய மக்களின் மரபணு வரலாற்றைப் படித்து 2009-ல் நேச்சர் இதழில் பங்கெடுத்தார். பெங்களூரில் ராகவேந்திர கடாக்கர் நம் வீட்டு விட்டத்தில் கூடு கட்டும் குளவிகளையே வாழ்நாள் முழுக்கப் பார்த்து உலகப் பெயர் வாங்கினார். குளவி!

நீட் கோச்சிங்குக்கு இன்னொரு வருஷம் கொடுக்கப் போகிற பணமும், அந்தப் பெண் அந்த ஒரு வருஷத்தில் இழக்கப் போகிற தூக்கமும் எனக்குக் கணக்கில் வருகிறது. அவள் டாக்டர் ஆக ஆசைப்பட்டிருந்தால் நானே அனுப்பு என்றிருப்பேன். ஆசைப்படுவது அவள் இல்லை. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி விடுவது என்றார் கடைசியாக. திருப்பதியில் இருக்கிறது ஐசர், 2015-ல் வந்தது. சென்ட்ரலில் ரயில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரம். பெருமாளை அடிக்கடி பார்க்கலாமே என்றேன், லேசாகச் சிரித்தார். இன்னும் சரி என்று சொல்லவில்லை. பணம் கட்ட நாள் நெருங்குகிறது. அவர் இந்தப் பதிவைப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளம்.

முடிவெடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பெண்ணும் பூண்டிக்குப் போய் வரட்டும். பேசின் பிரிட்ஜிலேயே திருவள்ளூர் லோக்கல் நிற்கும். இறங்கி பஸ் பிடித்தால் பூண்டி அணை, பக்கத்திலேயே பழைய கற்கால அகழ்வைப்பகம். அதிரம்பாக்கம் பக்கத்துக் கைக்கோடாரிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் கையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவது நல்லது, வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும்.